பாலும் பெயரும்

குழந்தை பிறந்துவிட்டது என்ற சேதி வந்ததும் நம் வீடுகளில் மூன்று கேள்விகள் எழும். ஆணா பெண்ணா? பாங்கு சொல்லியாயிற்றா? என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. "பால் கொடுத்தாயிற்றா?" என்பதுதான் அது. அழுதுகொண்டிருக்கும் அந்தச் சிசுவுக்கு வாயிருந்தால் முதலில் இதைத்தான் கேட்கும்.

2016-ம் ஆண்டு நவம்பர் மாதம் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் முக்கம் என்ற ஊரில் நடந்த ஒரு காரியம் பத்திரிகைகளில் வந்தது. ஐந்து வக்து பாங்கும் ஒலித்து முடிந்த பிறகே தாய்ப்பால் புகட்ட வேண்டும் என்று ஒரு தகப்பன் பிடிவாதம் பிடித்தார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், போலீசார் வந்து சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அந்தக் குழந்தை பாலின்றிக் கிடந்தது. பிறகு வழக்குப் பதிவாயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் குழந்தை பிழைத்துக் கொண்டது. ஆனால் அன்று உலகமெல்லாம் என்ன பேசிற்று? "முஸ்லிம்களின் மார்க்கம் பச்சிளம் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் தடை போடுகிறதாம்" என்றல்லவா பேசிற்று!

நாம் ஓதிய கிதாபுகளில் எதிலும் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஷாபிஈ மத்ஹபிலும் இல்லை, ஹனபி மத்ஹபிலும் இல்லை. அந்தத் தகப்பன் கெட்டவர் என்றும் நாம் சொல்லவில்லை. யாரோ ஒரு பெரியவர் சொன்னதை மார்க்கம் என்று நம்பிவிட்டார். நம்மூர்ப் பக்கம் ஐந்து பாங்கு என்று சொல்பவர் இல்லாமலிருக்கலாம். ஆனால் "வாப்புச்சா வந்து பாங்கு சொல்லட்டும், அப்புறம் பால் கொடுக்கலாம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களை நாமே பார்த்திருக்கிறோம். வாப்புச்சா வரும் பஸ் வழியில் நின்றுவிட்டால் குழந்தை என்ன செய்யும்?

பாங்கு சொல்வதன் அடிப்படை இதுதான்: ஹஜ்ரத் பாத்திமா (ரலி) அவர்களுக்கு ஹஸன் (ரலி) பிறந்தபோது ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அக்குழந்தையின் காதில் பாங்கு சொன்னதைத் தாம் கண்டதாக அபூ ராபிஃ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று சொன்ன முஹத்திஸீன்களும் இருக்கிறார்கள். ஆயினும் இரு மத்ஹபு இமாம்களும் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்வதை நல்லது என்றே எழுதியிருக்கிறார்கள். இது ஸுன்னத்தே தவிர வாஜிபு அல்ல. பள்ளிவாசல் மினாராவில் சொல்வது போல் உரக்கச் சொல்லவும் வேண்டாம். காதருகே குனிந்து மெல்லிய குரலில் சொன்னால் போதும். அருகிலிருக்கும் தகப்பனே சொல்லலாம், ஹஜ்ரத் வரவேண்டும் என்ற அவசியம் இல்லை. தாயின் மார்பில் குழந்தை பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே சொன்னாலும் பாங்குக்கு ஒரு குறையும் வந்துவிடாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தையானால் டாக்டர் அனுமதிக்கும் நாளில் சொல்லிக் கொள்ளலாம்.

பால் விஷயம் அப்படியல்ல. கவனமாகப் படியுங்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676-ல் வபாத்தானார்கள். ஷாபிஈ மத்ஹபின் பெருநூலான 'மின்ஹாஜ்' அவர்கள் எழுதியது. பிரசவித்தவுடன் சுரக்கும் முதல் பாலை, அரபியில் 'லிபஃ' என்பார்கள், தன் குழந்தைக்குப் புகட்டுவது தாயின் மீது கடமை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அது இல்லாமல் குழந்தை பெரும்பாலும் உயிர் தரிக்காது என்று அந்நூலின் விரிவுரையாளர்கள் காரணம் கூறுகிறார்கள். பின்னுள்ள பாலுக்கு வேறு பெண் கிடைத்தால் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லும் அதே நூல், முதல் பாலை மட்டும் தாயின் பொறுப்பில் வைக்கிறது. இந்த லிபஃ என்பது வேறொன்றுமல்ல, நம் வீடுகளில் "சீம்பால்" என்று சொல்லி, மஞ்சளாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, குழந்தைக்குச் செரிக்காது என்று பீய்ச்சிக் கீழே ஊற்றுகிறார்களே, அந்தப் பால்தான்!

பிக்ஹு சட்டத்தில் கடமையென்று எழுதப்பட்டதை ஸிங்க்கில் ஊற்றிவிட்டு, கடமையில்லாத ஒன்றுக்காகக் குழந்தையைக் காக்க வைக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

இன்றைய வைத்தியர்கள் சொல்வதும் இதற்கு மாறில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம், பிறகு மற்ற உணவுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீம்பாலில் நோயைத் தடுக்கும் சத்து நிறைந்திருக்கிறது. அளவு கொஞ்சமாக இருப்பதைக் கண்டு "பாலே வரவில்லை" என்று பயப்பட வேண்டாம். சிசுவின் வயிறும் சிறியதுதான். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டிப்பாலைக் கையில் எடுத்துவிட்டால் அந்த ஊற்று அடைபட்டுப் போகும். சிஸேரியன் செய்த தாயும் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்க வைத்துப் பிடித்துக் கொடுக்க நர்ஸ் உதவி செய்வார். இரண்டு ஆண்டு என்ற கணக்கு நமக்குப் புதிதுமல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 233-வது ஆயத்தில் அல்லாஹுத்தஆலா அதைச் சொல்லி, தாயும் தகப்பனும் கலந்து பேசி மனமொப்பி முன்னதாகவே பால்குடி மறக்கச் செய்தால் குற்றமில்லை என்றும் கூறியிருக்கிறான். கலந்து பேசி என்ற வார்த்தையைக் கவனியுங்கள். குழந்தையின் பால், மாமியாரும் நாத்தனாரும் தீர்ப்புச் சொல்லும் வழக்கு அல்ல.

சேனை தொட்டு வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்களே, அதையும் விட்டுவிட வேண்டும். யார் கையால் சேனை தொடுகிறார்களோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நமக்கு மார்க்கம் சொன்னதல்ல. இன்னும் ஒன்று. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் பால் கறந்து தருகிறவரைக் கூப்பிட்டு, "சீர் வராது, குரல் நன்றாக வரும்" என்று புகட்டுகிற வழக்கம் நம் வீடுகளிலும் புகுந்திருக்கிறது. நாட்டுக் கழுதையின் இறைச்சி கைபர் யுத்தத்தின்போது ஹராமாக்கப்பட்டது. இறைச்சி ஹராமானால் அதன் பாலைக் குடிப்பதும் கூடாது என்பதே சட்டம். காய்ச்சாத பாலில் கிருமி வேறு. ஹலால் உணவு என்று ஹோட்டலில் போர்டு பார்த்து நுழைகிற நாம், பிறந்த பிள்ளையின் வாயில் இதை ஊற்றலாமா?

இனி தஹ்னீக். பேரீச்சம் பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவி பரக்கத்துக்காக துஆச் செய்வது ஸுன்னத்தான காரியம். அபூமூஸல் அஷ்அரீ (ரலி) தம் மகனை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது இப்ராஹீம் என்று பெயரிட்டு, பேரீச்சம் பழத்தால் தஹ்னீக் செய்து, துஆச் செய்து கொடுத்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் செய்து, குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பெற்றெடுத்தபோதும் இப்படியே நடந்தது. பழம் பேரீச்சைதான். அது கிடைக்காதபோது வேறு இனிப்பும் ஆகும், அவற்றில் தேன் மேல் என்று முன்னோர் எழுதியிருக்கிறார்கள். இங்கேதான் இன்று ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று வைத்தியர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் குடலில் அது வளராது. சிசுவின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். குழந்தை துவண்டு, பால் சப்பவும் அழவும் சக்தியற்று, மூச்சுக்கே ஆபத்து வரும்.

"குர்ஆனில் தேன் ஷிஃபா என்று வந்திருக்கிறதே, ஹஜ்ரத்?" என்று ஒரு பெத்தும்மா நம்மிடம் கேட்டார். உண்மைதான், அன்னஹ்ல் அத்தியாயத்தில் வந்திருக்கிறது. ஆனால் எந்த வயதுக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதை அறிந்து கொடுப்பதுதானே மருந்து! அதே குர்ஆன் சிசுவுக்குக் காட்டியிருக்கும் உணவு தாயின் பால். பெத்தும்மா சிரித்துக்கொண்டு தேன் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆகவே தஹ்னீக் செய்ய விரும்புவோர் நன்கு கனிந்த பேரீச்சம் பழத்தை எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய விரல் நுனியில் பழத்தின் சாற்றை மட்டும் தொட்டு அண்ணத்தில் இலேசாகத் தடவுங்கள். துண்டோ தோலோ வாயில் தங்கக் கூடாது. இருமல், காய்ச்சல், வாய்ப்புண் உள்ளவர் எவ்வளவு பெரிய ஸாலிஹான மனிதராயினும் அன்று மெல்ல வேண்டாம், பழத்தை நசுக்கிக் கொடுத்தால் போதும். டாக்டர் வேண்டாமென்று சொன்னால் விட்டுவிடுங்கள். துஆவுக்கு யாரும் தடை போடவில்லையே.

தாய்க்கு முடியாத நேரத்தில் அண்டை வீட்டுப் பெண்ணோ சின்னம்மாவோ பால் கொடுப்பதுண்டு. நல்ல உதவிதான். ஆனால் இரண்டு வயதுக்குள் பால் கொடுத்தவள் தாயாகிறாள், அவள் மக்கள் உடன்பிறந்தோராகிறார்கள், பிறகு அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. ஷாபிஈயில் ஐந்து தடவை என்ற கணக்கு உண்டு. ஹனபியில் ஒரு தடவை கொஞ்சம் குடித்தாலே உறவு ஏற்பட்டுவிடும். யார் கொடுத்தார், எத்தனை முறை என்று அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது "எனக்கு ஞாபகமில்லையே" என்று கையைப் பிசைவதைவிட இது மேல். ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கி என்று பலருடைய பாலைச் சேர்த்து வைக்கிறார்கள். இந்த உறவுக் குழப்பத்தைக் கருதியே 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமி முஸ்லிம் நாடுகளில் அத்தகைய வங்கிகளை அமைப்பதை ஏற்கவில்லை. ஆனால் குழந்தையின் உயிருக்கு வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லும் நிலையில் உயிரைக் காப்பதே முந்தும். கொடுத்தவர் விவரத்தை முடிந்தவரை கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு ஆலிமிடம் சட்டம் தெளியலாம்.

தொப்புள் கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம், சுத்தமாகவும் ஈரமின்றியும் இருந்தால் தானே காய்ந்து விழும். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதும், மூக்கில் காதில் எண்ணெய் விடுவதும் ஆபத்து. சுர்மா இடுவது ஸுன்னத்துதான். ஆனால் கடைச் சுர்மாவில் ஈயம் கலந்திருப்பதால் பிஞ்சுக் கண்ணில் இட வேண்டாம். கண்ணேறுக்குப் பயந்து கழுத்தில் கயிறு கட்டுவதால் கழுத்து இறுகிப்போக வழியுண்டு. ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் ஓதிப் பாதுகாப்புத் தேடினார்கள், நாமும் ஓதி ஊதினால் போதும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

இந்தப் பரபரப்பில் தாயின் தொழுகையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாற்பது நாள் என்பது எல்லாப் பெண்களுக்கும் போட்ட கட்டாயக் கணக்கு என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு. நிஃபாஸின் கூடிய அளவு ஹனபியில் 40 நாள், ஷாபிஈயில் 60 நாள். குறைந்த அளவு என்று ஒன்றில்லை. பதினைந்தாம் நாளே இரத்தம் நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். தையல் போட்ட காயத்தில் தண்ணீர் படக்கூடாதென்றால் அதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது, ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம். ரமலானில் நோன்பு நோற்றால் பால் குறைந்து குழந்தை வாடும் என்று அஞ்சுகிற தாய் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். ஷாபிஈ மத்ஹபில், குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டவர், களாவுடன் நோன்பு ஒன்றுக்கு ஒரு முத்து தானியமும் கொடுக்க வேண்டும்.

ஏழாம் நாளுக்கு வருவோம். அன்று அகீகா கொடுத்து, தலைமுடி இறக்கி, பெயர் வைப்பது ஸமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வந்திருக்கிறது. முடியின் எடைக்கு எடை வெள்ளியை ஹஜ்ரத் பாத்திமா (ரலி) தர்மம் செய்தார்கள் என்று முவத்தாவில் உள்ளது. சிசுவின் முடி எவ்வளவு நிறுக்கும்? சில கிராம் வெள்ளியின் கிரயத்தை எந்த ஏழையும் கொடுத்துவிடலாம். அகீகா ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று. ஆணுக்கு ஒன்று கொடுத்தாலும் நிறைவேறும், ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் ஆளுக்கொரு கடா அறுக்கப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. ஏழில் முடியாதவர் பதினான்கில், இருபத்தொன்றில் கொடுக்கலாம். ஷாபிஈயில் பிள்ளை பருவமடையும் வரை தகப்பனுக்கு அவகாசம் உண்டு. வசதியில்லாதவர் மீது ஒன்றுமில்லை. இப்படி இலகுவாக வைத்த காரியத்தை மண்டபம், அழைப்பிதழ், ஐந்நூறு பேருக்கு பிரியாணி என்று ஆக்கி, நகையை அடகு வைத்து நடத்துகிறார்கள். மண்டபம் கிடைக்காததால் பெயரும் தள்ளிப் போகிறது! இரண்டு மாதம் "பாப்பா", "தம்பி" என்றே குழந்தை கிடக்கிறது. ஏழு நாள் காத்திருக்கவும் கட்டாயமில்லை. தம் மகன் இப்ராஹீம் பிறந்த அந்த இரவிலேயே பெயர் வைத்துவிட்டதாக நாயகம் (ஸல்) அவர்களே கூறியது முஸ்லிமில் இருக்கிறது.

பெயர் கேட்டு நம்மிடம் வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், புதுசா இருக்கணும், ஊர்ல யாருக்கும் இருக்கக் கூடாது, 'ஷா'வுல ஆரம்பிக்கணும்." பொருள் என்ன என்று கேட்பவர் பத்தில் இருவர். சிலர் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். குர்ஆனில் வரும் சொல் என்றால் நல்ல பெயர் என்று எண்ணி 'அலைனா' என்று வைக்கிறார்கள். அதற்கு "எங்கள் மீது" என்று பொருள். 'லாரைப்' என்றால் "சந்தேகமில்லை". கூப்பிட அழகாக இருக்கிறது, அரபி தெரிந்தவர் கேட்டால் சிரிப்பார். சில பெயர்களில் சிரிப்போடு நிற்காது. தமிழில் எழுதும்போது அரபியின் பல எழுத்துக்கள் ஒன்றாகிவிடும். அய்ன் எழுத்தில் தொடங்கும் 'அலீம்' நன்கறிந்தவன், அலிஃபில் தொடங்கினால் வேதனை தருவது. 'ஸானியா' என்ற பெயரை ஓர் எழுத்தில் தொடங்கினால் இரண்டாமவள். வேறோர் எழுத்தில் தொடங்கினால் விபசாரி என்று ஆகிவிடும். ஆகவே எந்தப் பெயரையும் அரபி எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் பொருள் கெட்ட பெயர்களை மாற்றினார்கள். 'ஆஸியா' என்று, மாறு செய்பவள் என்ற பொருளில் இருந்த பெண்ணுக்கு 'ஜமீலா' என்று வைத்தார்கள். (பிர்அவ்னின் மனைவியான ஆஸியா (அலை) அவர்களின் பெயர் வேறு எழுத்து, வேறு பொருள். அதை வைப்பதில் தடையில்லை.) 'பர்ரா', அதாவது நல்லவள் என்று தன்னைத் தானே மெச்சுவது போலிருந்த பெயரை 'ஸைனப்' என மாற்றினார்கள். மன்னாதி மன்னன் என்று பொருள்படும் பெயரை அல்லாஹ்விடம் மிக இழிவானது என்றார்கள். 'ஷாஹின்ஷா' அத்தகையதே என்று ஸுஃப்யான் (ரஹ்) விளக்கினார்கள். ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் பெயர் 'ஹஸ்ன்', கரடுமுரடான நிலம் என்று பொருள். (அழகு என்ற பொருளுள்ள சொல் வேறு எழுத்து.) 'ஸஹ்ல்', சமதளம், என்று மாற்றிக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) சொன்னபோது, தகப்பன் வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தக் கடுகடுப்பு நீங்கவேயில்லை என்று பேரர் ஸயீத் (ரஹ்) வருந்திச் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான். நபிமார், ஸஹாபாக்கள், ஸாலிஹான பெண்மணிகள் பெயர்களும் நமக்குக் குறைவில்லாமல் இருக்கின்றன. ஆனால் அப்துர் ரஹ்மான் என்று வைத்துவிட்டு "டேய் ரஹ்மான்" என்று கூப்பிடுகிறோமே! அப்துல் கையூமைக் "கையூம்" என்றும் அப்துர் ரஸ்ஸாக்கை "ரஸ்ஸாக்" என்றும் அழைப்பது கூடாது, அவை அல்லாஹ்வுக்கே உரியவை. அலீ, ரஷீத் போன்றவை மனிதருக்கும் ஆகும். வெறும் "அப்துல்" என்று அழைத்தால் அதற்கு முடிந்த பொருளே இல்லை. வாய்க்கு நீளமாக இருக்கிறதென்றால் முதலிலேயே சிறிய பெயராக வையுங்கள். உமர், ஹம்ஸா, ஸஃத், மர்யம், ஆயிஷா, ஸுமையா என்று எத்தனை இல்லை!

பெயர் வைத்தபின் சர்க்கார் பதிவு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் 1969-ம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள், வீட்டில் பிறந்தால் நாம் தெரிவிக்க வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குமேல் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம். முஹம்மது என்பதை ஒரு தாளில் முழுமையாகவும், இன்னொன்றில் "எம்.டி." என்றும், மற்றொன்றில் "மொஹமத்" என்றும் எழுதி, பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவர்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்! பதியப் போகும் முன்பே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கூட்டாக, சுருக்காமல், ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி நான்கையும் அந்தக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்து, பிழையிருந்தால் அங்கேயே திருத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.